வண்டி உடைக்கும் யார்டுக்கு அனுமதி இருக்கிறதா? வடசென்னைவாசிகள் காகிதத்தைக் கேட்டு வாங்க முழுமையான வழிகாட்டி

துறைமுகத்துக்கு ஓடி ஓய்ந்த டிரெய்லர்கள், டேங்கர்கள், பழைய கார்கள் எல்லாம் கடைசியில் வெட்டிப் பிரிக்கப்படுவது ஏதாவது ஒரு யார்டில்தான். அப்படி ஒரு யார்டு உங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்தால் கேஸ் கட்டர் புகை வீட்டுக்குள் வரும். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். யார்டுக்கு அனுமதி உண்டா, உண்டென்றால் என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்று பார்க்க அந்தத் தெருவில் இருப்பவருக்கு உரிமை உண்டு.

அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கும் வழி இது. புதிதாக இறங்குபவர்களில் பலர் முதல் நாளே ஆர்.டி.ஐ. (தகவல் பெறும் உரிமை) மனு போட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் காத்திருந்து, "தாங்கள் கோரும் விவரம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு சோர்ந்து போகிறார்கள். மனு இங்கே ஆறாவது படி. அதற்கு முன்னால் உள்ள வேலையை முடித்தால்தான் அது வேலை செய்யும்.

1. எந்தெந்தக் காகிதம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"யார்டோட பர்மிட்" என்று ஒரே காகிதம் கிடையாது. நாம் தேடுபவை இவை:

தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம், 1974-ன் 25-வது பிரிவின் கீழ் ஓர் இசைவாணை, அதாவது எழுத்துப்பூர்வ அனுமதி ஆணை. காற்று மாசு தடுப்புச் சட்டம், 1981-ன் 21-வது பிரிவின் கீழ் இன்னொன்று. இரண்டையும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் தனித்தனி ஆணையாகத் தரும். இரண்டிலுமே நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு ஓர் இசைவாணை என்று இரு கட்டம் உண்டு. ஆக நான்கு ஆணைகள்.

அடுத்தது, 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் 6-வது விதிப்படி வாங்கும் அங்கீகாரம். வண்டியிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய் அபாயக் கழிவுப் பட்டியலில் வருகிறது. அதனால் நமக்கு மிக முக்கியமான காகிதம் இதுதான். பலர் கேட்க மறப்பதும் இதைத்தான்.

இவை தவிர, அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையம் என்றால் 2021 செப்டம்பரில் வந்த மோட்டார் வாகன (உடைப்பு நிலையப் பதிவு, செயல்பாடு) விதிகளின்படி ஒரு பதிவுச் சான்று இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான தனிச் சுற்றுச்சூழல் விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. போக்குவரத்துத் துறையின் பதிவு இருக்கிறது என்பதற்காக மாசு வாரிய இசைவாணை தேவையில்லை என்று ஆகிவிடாது. யார்டுக்காரர் பதிவுச் சான்றைக் காட்டினாலும் இசைவாணையைத் தனியாகக் கேளுங்கள்.

எல்லா இடத்துக்கும் எல்லாக் காகிதமும் பொருந்தாது. பழைய இரும்பு எடைக்கு வாங்கி வைக்கும் காயலான் கடை வேறு, உதிரிபாகம் விற்கும் கடை வேறு, எண்ணெய் வடித்து வண்டியை வெட்டும் யார்டு வேறு. உங்கள் பக்கத்து இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று நான்கு நாள் கவனியுங்கள். முழு வண்டி உள்ளே போகிறதா, வெட்டுகிறார்களா, எண்ணெயை எதில் பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. யார்டின் உண்மையான பெயரும் சர்வே எண்ணும்

பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான். ஓர் அலுவலக ஜன்னலில் ஒரு அம்மா செல்போனில் யார்டின் படத்தைக் காட்டி, "இதுக்கு பர்மிஷன் இருக்கா சார்?" என்று கேட்டார். "கம்பெனி பேர் என்னம்மா?" என்றார் எழுத்தர். "எல்லாரும் பாய் யார்டுன்னு சொல்வாங்க சார்." அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. கோப்பு தெருப் பெயரிலோ ஊர் வழக்கிலோ இருக்காது. நிறுவனத்தின் பெயர், சர்வே எண், கிராமம், வட்டம், மாவட்டம் என்றுதான் ஆணையில் அச்சாகியிருக்கும்.

பெயருக்கு எளிய வழி ஜி.எஸ்.டி. எண். பதிவு பெற்ற வியாபாரி தன் வாசல் பெயர்ப் பலகையில் அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் சட்டப்பூர்வப் பெயர், வியாபாரப் பெயர் இரண்டும் வரும். இரண்டையுமே குறித்துக்கொள்ளுங்கள். இசைவாணை எந்தப் பெயரில் வாங்கப்பட்டிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சர்வே எண்ணுக்குத் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணைய சேவையும் நில வரைபடமும் உதவும். தண்டையார்பேட்டை, ராயபுரம் போன்ற பழைய நகரப் பகுதிகளில் பிளாக், நகர நில அளவை எண் என்று இருக்கும். மணலி, மாத்தூர், சடையங்குப்பம், எர்ணாவூர் பக்கம் கிராமப் பெயரோடு சர்வே எண் வரும். பெரிய யார்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட உட்பிரிவுகளில் பரவியிருக்கும். எல்லா உட்பிரிவையும் எழுதுங்கள். ஒன்றை விட்டால், "அந்த எண்ணில் எதுவும் இல்லை" என்று பதில் எழுத இடம் கொடுத்ததாகிவிடும்.

வடசென்னைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மணலி, திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆனால் திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் சென்னை மாவட்டத்துக்கு வந்தது 2018-ல்தான். அதற்கு முந்தைய ஆணைகளில் "திருவள்ளூர் மாவட்டம்" என்றுதான் இருக்கும். மனுவில் "சென்னை மாவட்டம் (முன்பு திருவள்ளூர் மாவட்டம்)" என்று சேர்த்து எழுதினால் பழைய கோப்பும் தேடலுக்குள் வரும்.

3. வாசல் பலகையைப் படம் எடுங்கள்

அபாயக் கழிவு கையாளும் தொழிற்சாலைகள் தங்கள் வாசலுக்கு வெளியே அந்தக் கழிவு பற்றிய விவரங்களைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே உத்தரவிட்டிருக்கிறது. பலகை இருந்தால் அதில் அங்கீகார எண்ணும் தேதியும் இருக்கக்கூடும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பலகையே இல்லை என்றாலும் வாசலைப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் புகாருக்குப் பயன்படும்.

பொது ரோட்டில் நின்று எடுங்கள், உள்ளே நுழைய வேண்டாம். வேலை செய்பவர்களின் முகம் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டர் பிடித்து நிற்பவரும் உங்கள் பேட்டைக்காரராகத்தான் இருப்பார். அந்தப் புகையில் முதலில் நிற்பதும் அவர்தான்.

4. இணையத்தில் எங்கே தேடலாம், எங்கே தேட வேண்டாம்

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன உடைப்புத் தளத்தில் பதிவு பெற்ற நிலையங்களின் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது. அதில் உங்கள் யார்டு உண்டா என்று பாருங்கள். பரிவேஷ் தளத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அது சுற்றுச்சூழல் அனுமதிக்கான தளம். 2006 அறிவிக்கையின் அட்டவணையில் கப்பல் உடைப்பு இருக்கிறது, வாகன உடைப்பு இல்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்காததற்கும் இதுவே காரணம். மாசு வாரியத்தின் ஆன்லைன் இசைவாணை அமைப்பு விண்ணப்பிக்கும் நிறுவனங்களுக்காக உருவானது. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் இசைவாணையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

5. எந்த அலுவலகம்

கிண்டியில் இருப்பது வாரியத்தின் தலைமையகம். யார்டின் அன்றாடக் கோப்பு, ஆய்வு அறிக்கை எல்லாம் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும். எந்தெந்த வட்டம் எந்தப் பொறியாளரின் கீழ் வருகிறது என்ற பட்டியலை வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி மண்டலத்தை வைத்து ஊகிக்க வேண்டாம், இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல.

பலர் கவனிக்காத இன்னொரு இடம் மாநகராட்சி. வாரியம் தரும் இசைவாணையின் கடைசிப் பக்கத்தில் நகல் யார் யாருக்குப் போகிறது என்று இருக்கும். அதில் உள்ளாட்சி அமைப்பின் ஆணையரும் வழக்கமாக இருப்பார். வாரியத்தில் கோப்பு தேடுவதாக இழுத்தடித்தால், அதே நகலை மாநகராட்சியிடம் கேட்கலாம். தொழில் உரிம விவரத்தையும் அப்போதே சேர்த்துக் கேளுங்கள்.

6. முதலில் பதிவேடு, அப்புறம் மனு

ஆர்.டி.ஐ. வருவதற்குப் பல வருடம் முன்பே இந்த உரிமை சட்டத்தில் இருந்தது. தண்ணீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவு, இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் பராமரிக்க வேண்டும் என்கிறது. அந்த இடத்தால் பாதிக்கப்பட்டவரோ அக்கறை உள்ளவரோ, அவர் அதிகாரம் கொடுத்த வேறு ஒருவரோ அதைப் பார்வையிடலாம். காற்றுச் சட்டத்தின் 51-வது பிரிவும், அபாயக் கழிவு விதிகளின் 6-வது விதியும் இதையேதான் சொல்கின்றன.

இங்கே "நான் பாதிக்கப்பட்டவர்" என்று காட்ட வேண்டும். அதனால் முகவரிச் சான்று ஒன்று எடுத்துப் போங்கள். வாய்மொழியாகக் கேட்காமல், மூன்று பிரிவுகளையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். அன்றே பதிவேட்டைக் காட்டினால் ஆணை எண், தேதி, செல்லுபடியாகும் காலம், நிபந்தனைகள் என எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். காட்டவில்லை என்றாலும் வந்தது வீண் இல்லை. சீல் வைத்த அந்த நகல் பிறகு மேல்முறையீட்டில் உங்கள் பக்கம் பேசும்.

யார்டுக்கு ஒட்டினாற்போல் குடியிருந்து, பெயர் வெளியே தெரிவதற்குப் பயப்படுபவர்கள் தெரிந்த ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்பலாம். அந்தப் பயம் நியாயமானது. அதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

இவ்வளவையும் முடித்துவிட்டு, தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் மனு எழுதுங்கள். கேள்வி கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?", "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று எழுதினால், விளக்கம் தருவது இச்சட்டத்தில் வராது என்று திருப்பிவிடுவார்கள். "ஆய்வு அறிக்கையின் நகல்" என்று கேட்டால் அப்படித் திருப்ப முடியாது. மனுவின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"……… மாவட்டம், ……… வட்டம், ……… கிராமம், சர்வே எண் ………-ல் ……… என்ற பெயரில் பழைய வாகனங்களைப் பிரித்துவரும் யார்டு தொடர்பாக, 01.04.2021 முதல் இம்மனு கிடைக்கும் நாள் வரையிலான கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்கவும்:

அ) தண்ணீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் வழங்கிய நிறுவுதல், இயக்குதல், புதுப்பித்தல் இசைவாணைகள், அனைத்து நிபந்தனைப் பக்கங்களுடன்.
ஆ) அபாயக் கழிவு விதிகள், 2016-ன் கீழான அங்கீகாரமும், யார்டு சமர்ப்பித்த படிவம் 4 ஆண்டறிக்கைகளும்.
இ) தங்கள் அலுவலர்களின் ஆய்வு அறிக்கைகள், விளக்கம் கோரும் அறிவிப்புகள், அவற்றுக்கான பதில்கள்.
ஈ) நிலுவையில் விண்ணப்பம் இருந்தால் அதன் நகலும், குறைபாடு சுட்டிய கடிதங்களும்.

மேலும், இக்கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் தெரிவிக்கவும். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருப்பின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்பவும்."

"அனைத்து நிபந்தனைப் பக்கங்களுடன்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். விட்டால் முதல் பக்கம் மட்டும் நகலாகி வருவது உண்டு. நமக்கு வேண்டியதெல்லாம் பின்பக்கங்களில்தான் இருக்கிறது. (ஈ) எதற்கென்றால், தண்ணீர்ச் சட்டப்படி முழுமையான விண்ணப்பத்தின் மீது நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்காவிட்டால் இசைவு கொடுத்ததாகவே கருதப்படும். "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் வந்தால், விண்ணப்பத் தேதியும் குறைபாட்டுக் கடிதமும் இல்லாமல் நிலைமை புரியாது.

கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுவதுதான் தமிழ்நாட்டில் சுலபம், நீதிமன்ற வளாகங்களில் கிடைக்கும். ஏ4 நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் எதுவும் கிடையாது. தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீதோடு, சேர்ந்த தேதியையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். 30 நாள் கெடு, மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும்.

இந்தச் சட்டத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே யார்டுக்கு அருகில் குடியிருக்காத ஒருவர் பெயரிலும் மனு போடலாம். ஆனால் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள், உரிமை குடிமக்களுக்குத்தான். நிர்வாகி ஒருவர் தன் பெயரில் கையெழுத்திட்டால் போதும்.

7. பதில் மறுப்பாக வந்தால்

அடிக்கடி வரும் மறுப்பு, "வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி)". இதற்கு நேரான பதில் நம்மிடம் இருக்கிறது. நிபந்தனைகளின் பதிவேட்டைப் பார்வைக்கு வைக்கச் சட்டமே சொல்லும்போது, அந்த நிபந்தனைகள் ரகசியமாக இருக்க முடியாது. போதாததற்கு, தாங்கள் வழங்கிய அனுமதிகள் யாருக்கு என்ற விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 4(1)(பி) சொல்கிறது. உண்மையிலேயே ரகசியமான பகுதி இருந்தால் அதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்பது 10-வது பிரிவு.

"மூன்றாம் நபர் ஆட்சேபிக்கிறார்" என்றும் வரும். 11-வது பிரிவின்படி யார்டுக்காரரின் கருத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முடிவு அலுவலருடையது. ஆட்சேபணையை மட்டுமே காரணமாக எழுதியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

30 நாளில் பதில் இல்லை அல்லது மறுப்பு என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே வாரியத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே தாமதமாகும், மறைக்க விரும்பவில்லை. அதற்காகவே பதிவேட்டுக் கடிதத்தையும் மாநகராட்சி வழியையும் கூடவே நகர்த்திக்கொண்டிருங்கள். கெடு தாண்டிக் கொடுக்கும் நகல்களுக்குப் பணம் கேட்கக் கூடாது என்பதும் சட்டம்.

8. வந்த காகிதத்தை எப்படி வாசிப்பது

முதலில் சர்வே எண்ணைப் பாருங்கள். இசைவாணை ஓர் உட்பிரிவுக்கு, வேலை நடப்பது மூன்றில் என்றால் அதுவே புகாருக்குப் போதுமான விஷயம். அடுத்து செல்லுபடியாகும் தேதி.

அப்புறம் என்ன வேலை, எவ்வளவு அளவு என்ற அட்டவணை. "பழைய இரும்பு சேமிப்பு" என்று இசைவு வாங்கிவிட்டு, உள்ளே வண்டி வெட்டினால் அது வேறு தொழில். கழிவுநீர் வெளியேறும் வழிகளுக்கும் ஓர் அட்டவணை இருக்கும். எத்தனை கிலோலிட்டர், எங்கே போகிறது என்று அதில் பாருங்கள். நிலத்திலோ கால்வாயிலோ விடக் கூடாது என்று நிபந்தனை இருந்து, உங்கள் பக்கத்துக் கால்வாயில் எண்ணெய் மிதந்தால், அந்த நிபந்தனை எண்ணைப் புகாரில் எழுதலாம். சிறப்பு நிபந்தனைகளில் எண்ணெய் ஊறாத தளம், மழைநீர் எண்ணெயோடு கலக்காத வடிகால், வெட்டுவதற்கு முன் திரவங்களை வடித்தெடுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

படிவம் 4-ஐக் கணக்கு வாத்தியார் மாதிரி பாருங்கள். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அடுத்து வரும் ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டிய அறிக்கை அது. ஒரு காரின் இன்ஜினில் சுமார் 3 லிட்டர் எண்ணெய் என்று குறைத்தே வைத்தாலும், நூறு காருக்கு 300 லிட்டர். லாரி என்றால் ஒன்றுக்கே 10 லிட்டருக்கு மேல் வரும். கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய் தனி. வருடம் முழுக்க வண்டி வெட்டிய யார்டு, பழைய எண்ணெய் "இல்லை" என்று எழுதியிருந்தால், அந்த எண்ணெய் எங்கே போனது என்று கேட்கலாம். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போயிருந்தால், ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 சீட்டு இருக்கும். இரண்டாவது மனுவில் அந்தச் சீட்டுகளை மட்டும் கேளுங்கள்.

9. "அப்படி ஓர் இசைவாணை இல்லை" என்று பதில் வந்தால்

இதைப் பார்த்துச் சோர்ந்து விடாதீர்கள். பெயரும் சர்வே எண்ணும் சரியாக இருந்து, கையெழுத்தோடு இந்தப் பதில் வந்தால், யார்டு இசைவு இல்லாமல் இயங்குகிறது என்பதற்கு வாரியமே கொடுத்த எழுத்துச் சான்று அது. உட்பிரிவு எண்களை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். பிறகு அந்தப் பதிலின் நகல், தேதியுள்ள படங்கள், தெருவில் உள்ளவர்களின் கையெழுத்து ஆகியவற்றோடு மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் புகார் கொடுங்கள். தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ, காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவுகளின் கீழ் மூடவோ மின் இணைப்பைத் துண்டிக்கவோ வாரியத்துக்கு அதிகாரம் உண்டு என்பதைக் குறிப்பிடுங்கள்.

புகாரில் என்ன கேட்கிறோம் என்பதைத் தெருவில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். யார்டு போக வேண்டுமா, அல்லது தளம் போட்டு, எண்ணெயைப் பிடித்து, நிபந்தனையோடு நடக்க வேண்டுமா? பல வீடுகளின் அடுப்பு அந்த யார்டை நம்பி எரிகிறது. அவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். பேசாமல் கொடுத்த புகார்கள் தெருவை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன.

புகாருக்கும் ரசீது வாங்கி, ஒரு மாதம் கழித்து அதன் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகலை இன்னொரு மனுவில் கேளுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அங்கே போக நினைத்தால், விவகாரத்துக்கான காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம் என்ற கெடு இருக்கிறது. எனவே இதுவரை சேர்த்த காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, மனுவின் ரசீதுகளோடு வக்கீலிடம் சீக்கிரம் காட்டிவிடுங்கள்.